தலைகீழாகப் பொருத்திய திரை

கதவைச் சாத்தாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மாமி. சாத்தவில்லை. அகலத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க என் புருஷன் மெல்கியின் பழைய ஷூ ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு கிரேஸி அக்கா அவள் அடுக்களையில் நின்றபடியே எங்கள் ஹாலை முழுசாகப் பார்க்கலாம். பார்க்கட்டும். தொட்டிலைப் பார்க்கட்டும், தொட்டிலுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு, கையில் திருப்புளியும் வாயில் இரண்டு திருகாணியுமாக உட்கார்ந்திருக்கிற என்னையும் பார்க்கட்டும், வேண்டுமானால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். இன்றைக்கு அந்தோனியார் கோயிலில் நவநாள். மாமி ஜெபம் முடித்து, மெழுகுவத்தி கொளுத்தி, படியில் நின்று நாலு பேரிடம் என் மருமகளுக்காக வேண்டிக்கோங்க என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, அவர்கள் உச் உச் என்பதைக் கேட்டுவிட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஒரு மணி நேரம் நானும் என் மகள் ரெஜியும் மட்டும். இந்த வீட்டில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அதுவும் என்மேல் நம்பிக்கை வந்ததால் இல்லை, எப்போதும் துணைக்கு இருக்கிற வேலைக்காரப் பெண்ணுக்கு இன்று காய்ச்சல், நவநாளையும் விடமுடியாது, அதனால். உள்ளறையில் பெட்டி கட்டியாகிவிட்டது. பால் டப்பா, கிரைப் வாட்டர், ரெஜியின் கம்பளித் தொப்பி. இந்த வெக்கையில் கம்பளித் தொப்பி. நாளைச் சாயங்கால ரயிலில் மாமி அவளைச் சென்னைக்குக் கொண்டுபோகிறார், மெல்கியின் அக்கா ஸ்டெல்லா மைனி வீட்டுக்கு. நீ தெளிஞ்ச பெறவு வந்து கூட்டிக்கோ, என்றார். தெளிவதற்கு நான் என்ன கலங்கின கிணறா. ஒன்பது மாதப் பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதுபோல அவளைக் கொண்டுபோகலாம், யாரும் பெயர்கூடக் கேட்கமாட்டார்கள். மெல்கி கப்பலில் இருக்கிறான். எந்தக் கடலில் என்று தெரியாது. வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் எந்திரச் சத்தம், அம்மா சொல்றதக் கேளு ஜெசி, நான் வர்ற வரைக்கும்தான. வரைக்கும்தான. அந்த ‘தான’வைப் பலமுறை போட்டுக் கேட்டேன். அதில் கெஞ்சல் இருந்தது. யாரிடம் கெஞ்சினான் என்றுதான் தெரியவில்லை.

திருகாணி. வாயில் வைத்திருந்த இரண்டும் கையில் இருக்கின்றனவா, இருக்கின்றன, தரையில் ஒன்றும் விழவில்லை, தவழ்கிற பிள்ளை உள்ள வீடு, தரையில் திருகாணி கிடந்தால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், தொண்டைக்குப் போகும், பார், மறுபடி பார், பாயின் அடியில் பார். இல்லை. நான் பூட்டிக்கொண்டிருக்கிற இந்தப் பெட்டி முன்பு என் டிரஸ்ஸிங் டேபிள். அம்மா வீட்டிலிருந்து சீராக வந்தது, நல்ல தேக்கு இல்லை, தேக்கு மாதிரி மெருகு போட்டது. அதன் காலை நான் அறுத்த அன்று மாமி தெருவுக்கே கேட்கும்படி கத்தினார், சீரா வந்த சாமான அறுக்குறாளே, ஏளா, ஒனக்குக் கை கூசல? கூசவில்லை. என் வீட்டுச் சீர், என் கண்ணாடி, என் ரம்பம். கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். பிரசவத்துக்குப் பிறகு அதில் தெரிந்தவளுக்கும் எனக்கும் அவ்வளவாகப் பழக்கம் இல்லை, பார்க்கும்போதெல்லாம் அவள்தான் முதலில் பயந்தாள். கண்ணாடி இருந்த சட்டத்தில் இப்போது திரை. பவுடர் டப்பா வைக்கிற பலகையில் துளை போட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகப் பொத்தான்கள், உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் ஒரு குச்சி. கீழ் டிராயரில் கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன கம்ப்யூட்டர். வீடியோ கேம் பெட்டி. எங்கள் ஊர்த் திருவிழாப் பொருட்காட்சியில் நின்றதே, அதுபோல. கான்வென்ட்டிலிருந்து வரிசையாகக் கூட்டிப்போவார்கள், வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், அப்பளம் வாங்கலாம், ராட்டினத்தில் ஏறலாம், அந்தக் கூடாரத்தை மட்டும் தாண்டிப் போகவேண்டும். பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கும்பலாக நிற்பார்கள், அந்த முதுகுகளின் இடுக்கில் நீலமும் பச்சையும் வெட்டி வெட்டி மின்னும். அது பெண்பிள்ளைகள் நிற்கிற இடம் இல்லை, நட, என்பார்கள் சிஸ்டர். நடந்தேன். முழுசாக ஒரு திரையைக்கூடப் பார்க்காமல் நடந்தேன். அதனால்தானோ என்னவோ பிறகு எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், அதனால்தானோ என்னவோ கல்யாணத்துக்கு முன்னால் லேப்டாப் சர்வீஸ் கடையில் அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒருத்தியாக உட்கார்ந்து சால்டரிங் புகையைக் குடித்தேன். என் மகள் எந்த முதுகுக்குப் பின்னாலும் நிற்கமாட்டாள். கூடாரம் அவள் வீட்டு ஹாலில் இருக்கும்.

இந்தத் திரை எரிந்தால் வேறு திரை இல்லை. முதல் திரையை நான்தான் எரித்தேன். கடையில் வேண்டாம் என்று போட்டிருந்த பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியது. திரையை மட்டும் கழற்றிவிட்டால் அது சும்மா கண்ணாடித் தகடு, அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு போர்டு வேண்டும், அந்த போர்டில் பல்லிப்பல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதை எந்த இரண்டு ஊசியில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்குத்தான் திரைக்குக் கரண்ட் போகும். மூன்று வோல்ட்டும் கொஞ்சமும் கேட்கிற திரைக்கு ஐந்தைக் கொடுத்துவிட்டேன். போர்டு டெஸ்க்டாப் மானிட்டருக்கென்று ஐந்தில் வந்திருந்தது, தொப்பியை மாற்றவேண்டும் என்று கடையில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான், அன்று ரெஜி அழுதாள், போகவேண்டுமா வேண்டாமா, தூக்கலாமா கூடாதா என்ற நினைப்பில் தொப்பியை மறந்து சுவிட்சைப் போட்டேன். ஒரு வெள்ளைக் கோடு, பிறகு வாடை. வாடையை மாமி பிடித்துக்கொண்டார். வீட்டக் கொளுத்தப் பாத்தா, பிள்ள உள்ள இருக்கும்போதே. இப்போது சட்டத்தில் இருப்பது என் சொந்த லேப்டாப்பின் திரை, காலேஜ் மூன்று வருஷமும் என் மடியில் கிடந்தது, ஓரத்தில் ஒரு மாதா ஸ்டிக்கர் ஒட்டி உரித்த தடம்கூட இருக்கிறது. தொப்பி மூன்றில் இருக்கிறதா. இருக்கிறது. டார்ச் அடித்துப் பார். இருக்கிறது. பின்பலகையின் திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா, பிள்ளையின் விரல் நுழையுமா, என் சுண்டுவிரலே நுழையவில்லை, அவள் விரல் இன்னும் சின்னது, பென்சில் விட்டுப் பார், நுழையவில்லை, குச்சி ஐஸ் குச்சி, நுழையவில்லை. ஒயர் ஒவ்வொன்றும் குழாய்க்குள், குழாய் ஒவ்வொன்றும் பலகைக்குள். யாராவது வந்து இந்தப் பெட்டியைப் பார்த்தால் பைத்தியம் செய்தது என்று சொல்லமாட்டார்கள், பயந்தவள் செய்தது என்று சொல்வார்கள். சொல்லட்டும். பயந்தவள் செய்த பெட்டியில்தான் பிள்ளை கைவைக்கலாம்.

தொட்டில் அசைகிறது. இல்லை, மின்விசிறி. புடவைத் தொட்டில், என் நிச்சயதார்த்தப் புடவை, அதற்குள் ரெஜியின் முதுகு ஒரு சின்ன பலாப்பழம்போல உப்பித் தெரிகிறது. போய்ப் பார்க்கலாம். மூச்சு வருகிறதா என்று பார்க்கலாம். போனால் தூக்கத் தோன்றும், தூக்கினால் போட்டுவிடுவேன், அதுதான், அது வந்துவிட்டது, வராமல் எங்கே போகும். கையில் இருக்கிறாள், கை தானாக விரிகிறது. மொட்டைமாடியில் இருந்தால் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் விரிகிறது, அடுக்களையில் இருந்தால் அடுப்புக்கு மேல். நான் நினைப்பதில்லை, அது தன்னைத்தானே நினைத்துக்கொள்கிறது, என் தலைக்குள் வாடகை தராமல் குடியிருக்கிறது. சிந்தனையில் செய்தாலும் பாவம் பாவம்தான் என்று படித்தவள் நான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டியிட்டு அந்த வாரம் நினைத்ததையெல்லாம் தேடித் தேடி எடுத்து நீட்டியவள், ஒன்றும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லையே என்று பயந்தவள். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு நினைப்பு வந்தால் என்ன செய்வாள். தரையில் விடுவாள். அதைத்தான் செய்தேன். அன்று வீட்டில் யாரும் இல்லை, நினைப்பு ரொம்பக் கிட்டே வந்தது, ரெஜியை ஹால் நடுவில் வெறும் தரையில், குளிர்ந்த மொசைக்கில், மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு குளியலறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவளிடமிருந்து என்னைப் பூட்டினேன். மாமி வந்து பார்த்தபோது பிள்ளை கத்திக் கத்தி நீலமாகியிருந்தது. தரையில போட்டுட்டுப் போயிட்டா, பெத்தவ, தரையில போட்டுட்டு. தெரு முழுக்க அந்தத் தரைதான். ஒருவரும் கேட்கவில்லை, ஏன் தரை என்று. கட்டிலில் போட்டிருந்தால் உருண்டு விழுந்திருப்பாள். தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது. அந்த நிமிஷத்தில் இந்த வீட்டிலேயே பத்திரமான இடம் எதுவோ அங்கே அவளை வைத்தேன், இருந்த அறிவு முழுவதையும் திரட்டி வைத்தேன். டாக்டரம்மா மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், நினைப்பு வருகிற அம்மாக்கள் நிறையப் பேர், நினைப்பு செயல் இல்லை, மாத்திரையை விடாதே, கைக்குத் தெரிந்த வேலை ஏதாவது செய். கைக்குத் தெரிந்தது இதுதான். பூ கட்டத் தெரிந்திருந்தால் மாமிக்குப் பிரச்சினை இருந்திருக்காது.

சுவிட்ச். போடு. தொப்பி மூன்றில்தான் இருக்கிறது, பார்த்தாயிற்று, இன்னொரு முறை பார்த்தால் அது பார்வை இல்லை, நோய். போடு. ஆண்டவரே. கருப்பு. கருப்பு. ஒரு சாம்பல். பிறகு வந்தது, நிதானமாக, அடியிலிருந்து தண்ணீர் ஏறுவதுபோல வெளிச்சம். ரெஜி. ஆரம்பப் படமாக அவள் சிரிக்கிற முகத்தைத்தான் போட்டிருந்தேன், இரண்டு பல்லோடு. ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறேன், கன்னத்தின் மை தெரிகிறது. மஞ்சள் பொத்தானைத் தட்டினால் விளையாட்டு, நானே எழுதியது, நீலக் கடல், ஒரு வள்ளம், மேலிருந்து உருண்டைகள் விழும், வள்ளத்தில் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் விட்டால் கடலில் பட்டுத் துள்ளி மேலே போகும், மறுபடி வரும். உயிர் போகாது. என் விளையாட்டில் எது விழுந்தாலும் உயிர் போகாது, என் விதி. வாய் வலித்தது, சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாமி வரட்டும், பார்க்கட்டும், கொளுத்தவில்லை, செய்தேன். பிறகு அது நுழைந்தது, எங்கிருந்தோ. ரெஜி ஸ்டூலில் உட்காரமாட்டாளே. அவள் தரையில் இருப்பாள். தவழ்ந்து வந்து, தலையைத் தூக்கி. நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன், தரையில் குப்புறப் படுத்தேன், தாடையை மொசைக்கில் வைத்து அண்ணாந்து பார்த்தேன். கிரேஸி அக்கா அங்கே என்ன நினைத்தாளோ. படம் புரண்டிருந்தது. முகம் சாம்பலாகி, கண் இருந்த இடம் வெளுத்து, இரண்டு பல்லும் இரண்டு கருப்பு ஓட்டை, மை வைத்த இடத்தில் வெள்ளைப் புண். என் பிள்ளையின் பேய். எழுந்தேன், சரியாக இருந்தது. படுத்தேன், பேய். எழுந்தேன், பிள்ளை. நான் ஒரு நொடி அதை நம்பினேன், இதுதான் உண்மை, இதைத்தான் நான் அவளுக்குச் செய்து வைத்திருக்கிறேன், அவர்கள் சொல்வது சரி, அனுப்பிவிடு, ரயில் ஏற்றிவிடு, கம்பளித் தொப்பியை மாட்டி அனுப்பிவிடு. பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன். நீட்டிய கை சர்வீஸ் கடைக் கை. அதற்குத் தெரிந்திருந்தது. பேயும் இல்லை ஒன்றும் இல்லை, பழைய லேப்டாப் திரைகளின் குணம் இது, மடியில் வைத்துக் குனிந்து பார்க்கிறவர்களுக்காகச் செய்தவை. மேலேயிருந்து பார்த்தால் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். கீழேயிருந்து பார்த்தால் இருட்டும் வெளிச்சமும் இடம் மாறிவிடும். கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், நேரா உக்காந்து பாருங்க சார், திரை நல்லாத்தான் இருக்கு. திரை நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்கிற ஒன்றைப் பார்த்து நான் நடுங்கியிருக்கிறேன்.

கழற்று. மணி என்ன, தெரியாது, மணியைப் பார்க்கமாட்டேன், கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்துவிட்டது, முடியட்டும். பிளக்கை எடுத்து, பின்பலகை, திருகாணிகள் எல்லாம் கிண்ணத்தில், தரையில் ஒன்றும் இல்லை. திரையைச் சட்டத்திலிருந்து எடுத்து, குழந்தையைத் திருப்புவதுபோல, கழுத்துக்கு ஒரு கை கொடுத்துத் திருப்பினேன். கழுத்து என்பது அந்த மெல்லிய ஒயர், அது இழுபடாமல் இருக்க. தலைகீழாக வைத்தேன், இனி கீழேயிருந்து பார்க்கிறவளுக்குத்தான் முகம் சரியாகத் தெரியும். ஸ்டிக்கர் தடம் மேலே இருந்தது இப்போது கீழே. கம்ப்யூட்டரில் படத்தைத் தலைகீழாக்க ஒரு வரி போதும், அதைப் பிளக்கை எடுக்கும் முன்பே எழுதியிருந்தேன். அப்போது அழுதாள். மெல்ல அல்ல, எழுந்த உடனே முழுக் குரலில், அவள் அப்பாவைப் போல. கை விரிந்தது. நினைப்பில். மொட்டைமாடி, அடுப்பு, சுவர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, வழக்கமான கூட்டம், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் கடைசித் திருகாணியை இறுக்கினேன். வா, என்றேன் நினைப்பிடம், நீயும் வா, நான் தூக்கத்தான் போகிறேன், நீ பார்த்துக்கொண்டிரு. தொட்டிலுக்கு நடந்தேன். புடவையை விலக்கினேன். சூடு, பால் வாடை, வேர்த்த உச்சந்தலை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன், அவள் எடை என் மணிக்கட்டுக்கு வந்தது, இவ்வளவு கனமா, எப்போது இவ்வளவு கனமானாள், இந்தக் கனமெல்லாம் யார் கையில் ஏறியது. கை விரியவில்லை. விரிவதாகத் தோன்றியது, விரியவில்லை. இரண்டும் வேறு. தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்தேன், அவளை மடியில் வைத்தேன், சுவிட்சைப் போட்டேன். இருட்டுகிற நேரம், விளக்கு போடவில்லை. கீழேயிருந்து அவளை அவளே பார்த்தாள். கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் அவள்தான், மையோடு, பல்லோடு. அழுகை பாதியில் நின்றது. ஹா, என்றாள். பிறகு கையைத் தூக்கி, சிவப்பு மஞ்சள் பார்க்காமல், ஒரே அறை.

உருண்டைகள் விழுந்துகொண்டிருந்தபோதுதான் வாசலில் மெழுகு வாடை வந்தது. ஏளா, என்றார் மாமி. முக்காடு இன்னும் தலையில் இருந்தது. "வெளக்குகூடப் போடாம, பிள்ளையத் தூக்குனியா நீ?" தூக்கினேன் என்றேன். "தனியாவா?" "தனியாத்தான் மாமி." கையில் ஜெபமாலை, அதைப் பிடித்தபடியே உள்ளே இரண்டு அடி வைத்தார், எங்களுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார். ரெஜி மறுபடி அறைந்ததில் விளையாட்டு முடிந்து அவள் முகம் திரும்ப வந்திருந்தது. "யேசுவே! என்னளா இது, பிள்ள மூஞ்சிய இப்படிப் பேயாட்டம் பண்ணி வச்சிருக்க? கண்ணெல்லாம் வெளுத்துப்போயி! இதுக்குத்தான் சொல்லுதேன் ஒனக்குத் தெளியலன்னு." வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் வாய் வேறு யாருடையதோ. "நிக்கிறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். உக்காந்து பாருங்க." "நான் எதுக்கு ஒம் முன்னால தரையில உக்காரணும்?" "அப்ப பாக்காதீங்க." எதிர்வீட்டிலிருந்து கிரேஸி அக்கா கையைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள், "நான் ஒரு நொடி கண்ண எடுக்கல சித்தி, கறி அடிப்பிடிச்சுட்டு எனக்கு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அவதான் தரையில விழுந்து விழுந்து எந்திரிச்சா, என்ன ஜெபமோ." மாமி "நாளைக்கு ரயிலுக்கு..." என்று ஆரம்பித்தார். "நீங்க போயிட்டு வாங்க மாமி. ஸ்டெல்லா மைனிய நான் கேட்டதாச் சொல்லுங்க. டிக்கெட் உங்களுக்குத்தான எடுத்திருக்கு, பிள்ள வராது." "மெல்கிகிட்டச் சொல்லுவேன்." "சொல்லுங்க. நானும் சொல்லுவேன். டாக்டரம்மாகிட்டயும் சொல்லுவேன். வேணும்னா நவநாள்லயும் சொல்லுங்க, ஆனா தூக்குனான்னு சேத்துச் சொல்லுங்க." குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொல்லலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது. தெருவிளக்கு எரியத் தொடங்கி, திறந்த கதவு வழியாக வந்து திரையில் விழுந்து ரெஜியின் படத்தைப் பாதி அழித்தது, அவள் சிணுங்கினாள். எழுந்தேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன், தரையிலிருந்து, ஒரு கையை ஊன்றி. வாசலுக்குப் போனேன். கிரேஸி அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்கியின் ஷூவைக் காலால் நகர்த்தினேன். பின்னால் மொசைக்கில் ஜெபமாலை மணிகள் படும் சத்தம் கேட்டது, உட்கார்ந்தாரா, மணியை மட்டும் கீழே வைத்தாரா, திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினேன்.